சுக்குக் காப்பி குடித்த ஒற்றன்

எங்கள் வீட்டு ஒற்றன் சுக்குக் காப்பி குடிப்பான். எதிரி நாட்டு எல்லையில், பனி கொட்டும் மலைச்சரிவில், இரண்டு நாளாகக் கண் மூடாமல் ஒரு ரேடியோ நிலையத்தை உளவு பார்த்துக்கொண்டு கிடப்பான். கண் செருகும். அப்போது கோட்டுப் பையிலிருந்து சின்ன ஃப்ளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றி, ஒரு மடக்குக் குடிப்பான். அவ்வளவுதான். கண் திறக்கும், காது கூர்மையாகும், காவலர்கள் இருவரையும் அடித்துப் போட்டுவிட்டு உள்ளே புகுந்துவிடுவான்.

இதைப் படித்துச் சிலர் சிரிக்கலாம். தில்லியில், தமிழ் பேசும் வீடுகளில், என்னோடு வளர்ந்தவர்கள் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இங்கிலீஷ் நாவலைப் படித்துவிட்டுத் தமிழில் கதை சொல்லியிருப்பார். நாற்பதைத் தாண்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்கும் வயதுக்கு வந்துவிட்டோம். உங்கள் வீட்டு ஒற்றன் உண்மையில் என்ன குடித்தான் என்று இப்போதாவது விசாரித்துப் பாருங்கள்.

நான் எழுதுவது ஒரே ஒரு குளிர்காலத்தைப் பற்றி. தேதி விஷயத்தில் நான் நினைவை நம்புவதில்லை. இன்னொன்றோடு பொருத்திப் பார்த்த பிறகே எழுதுவேன். அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, நான் எட்டாம் வகுப்பு. ஆகவே தொண்ணூற்றைந்து முடிந்து தொண்ணூற்றாறு பிறந்த குளிர்காலம். ஜன்னல் கூலரைப் பழைய போர்வையால் மூடிக் கயிறு கட்டியிருந்தோம். கம்பிச்சுருள் ஹீட்டர் பரணிலிருந்து இறங்கியிருந்தது. அதனால் தீபாவளிக்குப் பிந்திய மாதங்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜனக்புரியில் இரண்டாம் மாடியில் வீடு. அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அம்மா வீட்டோடு. அப்பாவின் அக்காவான அத்தை வங்கியில் வேலை பார்த்தாள்; கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். பெரியவர்கள் மூன்று பேரும் திருநெல்வேலிக்காரர்கள். தில்லியின் பஸ்களாலும் ஆபீசுகளாலும் அவர்கள் பேச்சை ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்காவும் நானும் பேசியதுதான் கலப்படம். கோபம் வந்தால் இந்தி, பாடம் என்றால் இங்கிலீஷ், சோறு கேட்கும்போது தமிழ்.

கதை நேரம் ஞாயிறு மதியம். குளிர்காலத்தில் நம் தில்லி மக்கள் எல்லோரும் செய்வதைப் போல, சாப்பிட்டதும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். நாடாக் கட்டில் ஒன்று அங்கேயே கிடக்கும். நடுவில் தொய்ந்து, படுத்தவரைத் தொட்டில் மாதிரி உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்த மாதிரிக் கட்டிலை இப்போது எங்கும் காணோம். பக்கத்து மாடிகளில் பஞ்சாபி ஆன்ட்டிகள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். வேர்க்கடலைத் தோல் பறக்கும். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து ஒருவர் கண்ணில் ஒருவர் தெளித்துக்கொள்வோம். அப்பா குரங்குக் குல்லாயை நெற்றிக்கு மேல் சுருட்டி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

மார்க்கெட்டில், மருந்துக் கடையை ஒட்டி, தினவாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் ஒரு சின்ன லைப்ரரி இருந்தது. எல்லாப் புத்தகத்துக்கும் காக்கி அட்டை. எது காதல் கதை, எது கொலைக் கதை என்று வெளியிலிருந்து தெரியாது. அப்பா அங்கிருந்து துப்பறியும் நாவல்களும் ஒற்றர் நாவல்களும் எடுத்து வருவார். நாங்கள் தொடக் கூடாது. அதற்குப் பதிலாகத்தான் கதை. ஒற்றன் பெரிய பெரிய விருந்துகளுக்குப் போய் மோர் குடிப்பான். யோசனை வந்தால் பாக்குப் போடுவான். அழகான பெண் ஒருத்தி ரயிலில் அவன் பெட்டிக்குள் வந்து கதவைச் சாத்துவாள். பிறகு கைகுலுக்கிவிட்டு மேல்படிப்புக்குப் போய்விடுவாள்.

அத்தையும் அதே புத்தகங்களைப் படிப்பவள். அவள் சும்மா இருக்க மாட்டாள்.

“ஏலே, அந்தப் பனியில மோர் குடிச்சா அவனுக்குச் சளி பிடிக்காதா?”

“அது இஞ்சி தட்டிப் போட்ட மோரு, அக்கா.”

“லண்டன்ல இஞ்சி யாரு தட்டிக் குடுத்தா?”

“அவம் அம்ம” என்பார் அப்பா, அசராமல்.

அம்மா மட்டும் கதையை உண்மையாகவே கேட்பாள். அந்தப் பெண் என்ன படிக்கப் போனாள் என்று ஒருமுறை கேட்டாள். அப்பா யோசித்துவிட்டு, “பி.எட்.” என்றார்.

கதையின் உச்சத்தில் சுக்குக் காப்பி வரும். வந்து, ஒற்றன் ஜெயித்து, கதை முடிந்ததும், அப்பா அக்காவைப் பார்த்துத் திரும்புவார். “பாத்தியாட்டி. ரெண்டு நாளு ஒறங்கல்ல. மனசு வெச்சா முடியும்.”

அக்காவுக்கு வைத்த குறி அது. அக்காவை இன்ஜினியர் ஆக்குவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். எங்கள் குடும்பத்தில் இருபுறமும் இன்ஜினியர் கிடையாது. அக்காவுக்குக் கணக்கு நன்றாக வரும். தூக்கம் அதைவிட நன்றாக வரும். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள். கெமிஸ்ட்ரிப் புத்தகத்தின் மீது கன்னத்தை வைத்துத் தூங்கி, எழும்போது முகத்தில் அச்சு ஒட்டியிருக்கும். ட்யூஷனில் தூங்கிவிட்டாள் என்று ட்யூஷன் சார் வீட்டுக்கு போன் செய்தார். எனக்கு அவள் தூக்கம் பிடிக்கும். ஒரே ரஜாயில், பஞ்சு அடைத்த போர்வையில், படுத்த எனக்கு அது அடுப்பு மாதிரி. அப்பாவுக்கு மட்டும் அது ஒரு குற்றம்.

“ஒறக்கத்த ஜெயிச்சவதான் இன்ஜினியரு.”

அக்கா முயன்றாள். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அம்மா கருப்பட்டி போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியை டம்ளர் டம்ளராகக் குடித்தாள். முகத்தில் பச்சைத் தண்ணீர் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தலை தொங்கும். விழித்ததும் அழுவாள். “எனக்கு மனசே இல்ல போல” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். ஒற்றனுக்கு இருக்கிற மனசு தனக்கு இல்லை என்று அவள் முழுக்க நம்பினாள்.

இங்கே அத்தையின் மாத்திரையைச் சொல்லிவிட வேண்டும். அத்தைக்கு மூச்சிரைப்பு. தில்லிக் குளிர் புகையோடு சேர்ந்து வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு அந்தக் காலத்தில் ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார்கள். பெயர் வேண்டாம், இப்போது அது அநேகமாக வழக்கில் இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். “இதப் போட்டா மூச்சு வரும், ஒறக்கம் போயிரும். நெஞ்சு படபடன்னு அடிச்சிட்டு, ஆந்த மாதிரி கெடக்கணும்” என்று அத்தை அலுத்துக்கொள்வாள். எல்லோருக்கும் கேட்கச் சொன்னதுதான்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா படுக்கையில் காக்கி அட்டைப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா திருப்பிக் கொடுக்க வைத்திருந்தது; மலைச்சரிவுக் கதை அல்ல, வேறோர் ஒற்றன் கதை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்தக் குளிர்காலத்தில் பார்த்ததில்லை.

“ஏட்டி, இங்க பாரு. மனசு இல்ல, மாத்திரை.”

இங்கிலீஷ் வரியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். ஒற்றன் ஃப்ளாஸ்க்கை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தான். தூக்கத்தை விரட்டும் மாத்திரையைப் போட்டுக்கொண்டான். அதற்கு அந்தப் புத்தகம் ஸ்டிமுலன்ட் என்று சொன்னது. அவனுடைய ஆபீசே அதைக் கொடுத்து அனுப்பியிருந்தது, நம் ஆபீசுகளில் பென்சிலும் குண்டூசியும் கொடுப்பது போல.

“அப்போ அப்பா சொன்ன சுக்குக் காப்பி?”

“ஜூட். எல்லாம் ஜூட்.” இந்தியில் பொய் என்று சொன்னாளே தவிர, அவளுக்குக் கோபம் இல்லை. ஏதோ பாரம் இறங்கியவள் மாதிரி சிரித்தாள். “ரெண்டு நாளு முழிச்சிருக்க யாராலயும் முடியாது. அவனாலயும் முடியல்ல.”

நான் அப்பாவை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. “இல்ல. சுக்குக் காப்பிக்கு இங்கிலீஷ்ல ஸ்டிமுலன்டுன்னு பேரு. அதான்.”

“அச்சா, அப்படியே வெச்சுக்கோ” என்றாள் அக்கா, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.

நான் அப்படியே வைத்துக்கொண்டேன். அந்த வாரம் இங்கிலீஷ் மேடம் ‘குளிர்காலத்தில் எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னார். நல்ல வார்த்தை ஒன்று புதிதாகக் கைக்கு வந்திருக்கும்போது யார்தான் வீணாக்குவார்கள். எங்கள் அம்மா தினமும் மாலையில் எல்லோருக்கும் ஸ்டிமுலன்ட் தருகிறாள் என்று எழுதினேன். அத்தைக்கு ஒரு டம்ளர் கூடுதல். அப்பா ஆபீசுக்கும் எடுத்துப் போய் நண்பர்களுக்குக் கொடுக்கிறார். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்குப் பாலில் கலந்து கொடுப்போம். இதற்கு வேண்டிய சரக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கிறது.

மறுநாள் அம்மாவை வரச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா நல்ல புடவை கட்டி, அத்தையின் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். மேடம் ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்தினார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளுக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று மேடம் மெதுவாக, இந்தியில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். சமையல் பற்றிய கேள்வி என்பதால் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“சோண்ட்” என்றாள். சுக்கு. “தனியா. குட்.” மல்லி, வெல்லம்.

“அவுர்?” என்றார் மேடம், வேறென்ன என்று.

அம்மா யோசித்தாள். “காலி மிர்ச். தோடா.”

கொஞ்சம் மிளகும் உண்டு என்ற அந்த வாக்குமூலத்தோடு மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மற்ற டீச்சர்கள் வந்து கேட்டார்கள், அவர்களும் சிரித்தார்கள். அம்மா எதற்கு என்று தெரியாமல் தானும் சிரித்தாள். அடுத்த நாள் ஃப்ளாஸ்க் நிறைய எனக்குக் கொடுத்தனுப்பினாள். மேடத்துக்கு மிகவும் பிடித்துப்போனது.

வீட்டில் வாரம் முழுக்க இதே பேச்சு. அப்பா ஆபீசிலிருந்து வந்ததும், “ஸ்டிமுலன்ட் ரெடியா?” என்று கேட்பார். அத்தை மட்டும் என்னைக் கூப்பிட்டு, “இந்த வார்த்தைய எங்கன பிடிச்ச?” என்று விசாரித்தாள். அக்கா படித்த புத்தகத்தில் என்றேன். அத்தை அப்பா பக்கம் திரும்பினாள்.

“ஏலே, ஒன் சுக்குக் காப்பி வெளுத்துட்டு.”

அப்பா குல்லாயைக் கண் வரை இறக்கிவிட்டுக்கொண்டார். அதற்கும் சிரிப்பு. இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்புத்தான் எனக்கு உறுத்துகிறது. சின்னவள் ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதியதை மூன்று பெரியவர்களும் கூடி ஆராய்ந்தார்கள். பெரியவள் அந்தப் புத்தகத்தில் எதைத் தேடினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜனவரியில் அக்கா மாறினாள். தூங்குவது நின்றது. ரஜாயின் அவள் பக்கம் சில்லென்று கிடக்கும். படபடவென்று பேசினாள், ஒரு பேச்சு முடியும் முன் அடுத்ததற்குத் தாவினாள். நோட்டுகளை எல்லாம் திரும்ப எழுதினாள். ஒரு நாள் காலையில் பார்த்தால் சமையலறை எவர்சில்வர் டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கின்றன. தோசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருப்பாள்.

அப்பாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “மனசு வெச்சிட்டால்லா. நான் அப்பவே சொன்னம்லா.”

பள்ளிக்கூடத்தில், பொதுத் தேர்வுக்கு ஒத்திகையான ப்ரீ-போர்டு பரீட்சை வந்தது. கெமிஸ்ட்ரித் தாளைத் திருத்திக் கொடுத்தபோது அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் புரட்டினார். அக்கா ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தாள். அந்த ஒன்றுக்குக் கூடுதல் தாள் மேல் கூடுதல் தாள் வாங்கி, கோடு கோடாக, படம் படமாக, அச்சடித்த மாதிரி எழுதியிருந்தாள். மணி அடித்தபோதும் அதே கேள்வியில்தான் இருந்தாளாம். ‘பதில் பிரமாதம். மற்ற கேள்விகள் எங்கே?’ என்று கடைசியில் சிவப்பு மையில் இருந்தது.

அம்மாவுக்கு முகம் வாடியது. அப்பா தாளை மடித்து வைத்தார். “வேற ஒண்ணுமில்ல. தெரிஞ்சது கூடிப்போச்சு, நேரம் பத்தல்ல. நல்லதுதான்.”

படித்த மனுஷர், ஊருக்கெல்லாம் ஃபைல் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவர், அந்தத் தாளைப் பார்த்து இதைத்தான் சொன்னார்.

பிறகு அந்த மூடுபனி நாள். எதிர் வீட்டு பால்கனிகூடத் தெரியாத பனி. எனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்தார்கள். அக்கா உள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். வங்கிக்குப் போன அத்தை மதியமே ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டாள். படி ஏறி வந்தவளால் பேச முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே விசில் அடித்தது. ஃப்ரிட்ஜை நோக்கிக் கையைக் காட்டினாள்.

நான் டின்னை எடுத்துத் திறந்தேன். மாத்திரை அட்டை இருந்தது. எடுத்துத் திருப்பினால் எல்லாக் குழியும் பிதுங்கிக் காலியாக இருந்தது.

“மைனி, போன வாரந்தான வாங்கினோம்” என்றாள் அம்மா. “நீங்களே போட்டுட்டு மறந்திருப்பீய.”

அத்தை தலையை ஆட்டினாள். இல்லை.

“பனிக்கு ரெண்டு கூடப் போட்டிருப்பீய. நல்லா யோசிச்சுப் பாருங்க.”

அத்தை அம்மாவைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் வரைய முடியும். பதில் சொல்ல மூச்சு இல்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. அம்மா செருப்பைத் தேடினாள், மருந்துக் கடைக்கு ஓட. அந்தப் பனியில் மார்க்கெட் போய் வர எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன்.

அப்போது அக்கா உள் அறையிலிருந்து வந்தாள். அத்தையைப் பார்த்தாள். திரும்பி உள்ளே ஓடி, ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் தரையில் கொட்டினாள். காம்பஸ், ரப்பர், பென்சில் சீவல்களுக்கு நடுவே காகிதப் பொட்டலம் ஒன்று. அதைப் பிரித்து ஒரு மாத்திரையை அத்தை வாயில் வைத்து, தண்ணீர் டம்ளரைப் பிடித்தாள். டம்ளர் அத்தையின் பல்லில் தட்டித் தட்டி ஒலித்தது. அக்காவின் கை அப்படி ஆடிக்கொண்டிருந்தது.

விசில் மெல்ல மெல்ல இறங்கும்வரை அந்த அறையில் அது ஒன்றுதான் சத்தம். அம்மா ஒரு காலில் செருப்போடு நின்றாள்.

அத்தைக்குப் பேச்சு வந்ததும் முதலில் கேட்டது, “எத்தன நாளாட்டி?”

“ஒறங்கக் கூடாதுன்னு...” என்றாள் அக்கா. “ஒங்களுக்கு இல்லாமப் போகும்னு நினைக்கல்ல அத்த. நாளைக்கு வாங்கி வெச்சிரலாம்னு...”

அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நாடியில் விரல் வைத்துப் பார்த்தாள்.

“ஏட்டி, ஒன் நெஞ்சு என் நெஞ்ச விடல்லா ஓடுது.”

அன்று மாலையே அக்காவை டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, மாத்திரையைத் தொடாதே, அடங்கிவிடும், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு என்றார். ஆபீசிலிருந்து வந்த அப்பாவிடம் அம்மா நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் கழற்றிய ஷூவை மறுபடி மாட்ட ஆரம்பித்தார்.

“எங்கன கெளம்பிட்ட?” என்றாள் அத்தை.

“அந்த லைப்ரரிக்காரன ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாரேன். பிள்ளைகளக் கெடுக்கதுக்குன்னே புக்கு வெச்சிருக்கான்.”

“அவன் என்னல செய்வான். அவன் புக்ல மாத்திரைன்னு ஒழுங்காத்தான் போட்டிருக்கு. அத சுக்குக் காப்பின்னு சொன்னது நீ. ஒறங்காம இருக்க மனசு போதும்னு சொன்னதும் நீ.” மூச்சு வாங்க நிறுத்தினாள். “கதையிலருந்து மாத்திரைய எடுத்த, சரி. அந்த மலைச்சரிவுக் கதையில வார டாக்டரையும் சேத்து எடுத்துட்டியேல.”

அப்பா ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்துவிட்டார்.

புத்தகத்தில் அந்த டாக்டர் யார் என்று நான் முழுதாகத் தெரிந்துகொண்டது பல வருடம் கழித்து. வேலைக்குப் போன பிறகு, எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அப்பா சொன்ன கதைகளின் மூலங்களை எல்லாம் தேடி, வெளிவந்த வரிசைப்படி படித்தேன். என் முடிவைத் துணிந்து சொல்கிறேன். விக்டோரியா காலத்துத் துப்பறிவாளன் போதை ஊசி போட்டுக்கொண்டபோது அது சட்டத்துக்கு விரோதமில்லை, கடையில் கிடைத்தது. ஆனாலும் கதை எழுதியவர்கள் அவன் பக்கத்தில் ஒரு டாக்டரையோ நண்பனையோ உட்கார வைத்தார்கள். அவர் முகம் சுளிப்பார், கேட்பார், சண்டை போடுவார். உலகப் போர் வந்தது. விமானிகளுக்கும் சிப்பாய்களுக்கும் தூக்கம் வராத மாத்திரை கொடுத்துப் பழகினார்கள். போருக்குப் பின் வந்த ஒற்றன் கதைகளில் மாத்திரை சாதாரணமாகிவிட்டது. முகம் சுளிக்கிற ஆள் வெளியேறிவிட்டார். ஒற்றன் விழுங்குவான், நீந்துவான், சூதாட்டத்தில் ஜெயிப்பான், அடுத்த அத்தியாயத்தில் பளிச்சென்று சவரம் செய்துகொண்டு நிற்பான். அக்கா கையில் கிடைத்தது இந்த இரண்டாவது வகை.

மலைச்சரிவு ஒற்றனின் புத்தகம் இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பது. அதில் ஒரு டாக்டர் இருக்கிறார். திரும்பி வந்த ஒற்றனின் அறைக்கு அவர் வருவது ஒரு முழு அத்தியாயம். அப்பா மாத்திரையை நீக்கியதும் அந்த அத்தியாயத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சுக்குக் காப்பி குடித்தவனை எதற்காக டாக்டர் வந்து பார்க்க வேண்டும்?

அக்கா இன்ஜினியர் ஆகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் போர்டு பரீட்சை எழுதினாள், தேறினாள், புள்ளியியல் படித்தாள். இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறாள். மெட்ரோவில் தூங்கி ஸ்டேஷனைத் தவறவிடுகிறாள். ஆனால் அந்த ஜனவரியில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. மாத்திரை நின்றும் அவளுக்குத் தூக்கம் திரும்பவில்லை. நெஞ்சு அடங்கிவிட்டது, பயம் அடங்கவில்லை. மல்லாக்கப் படுத்துக் கண்ணைத் திறந்தபடி கிடப்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கியவளுக்குப் படுத்தும் தூக்கம் இல்லை. அம்மா பால் காய்ச்சிக் கொடுத்தாள், உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தாள். அப்பா அறைக் கதவு வரை வந்து வந்து திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகி வெயில் அடித்தது. மாடிக்குப் போனோம். அக்காவை நாடாக் கட்டிலில் படுக்க வைத்து அம்மா சால்வையைப் போர்த்தினாள். கதை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவாகத்தான் ஆரம்பித்தார். அந்த மலைச்சரிவுக் கதையே.

“ரெண்டாம் நாளு அவனுக்குக் கண்ணு செருகிச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “பையிலருந்து மாத்திரைய எடுத்துப் போட்டுக்கிட்டான்.”

அத்தை ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினாள்.

அப்பா தொடர்ந்தார். ஒற்றன் ஜெயித்தான். ஊர் திரும்பினான். மெடல் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. டீ கோப்பை சாஸரில் கடகடவென்று ஆடுகிறது. விளக்கை அணைக்கப் பயம். மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. படுத்தால் மறுபடியும் காலடிச் சத்தம்.

“அவனுக்கு ஒரு டாக்டர் சேக்காளி உண்டு” என்றார் அப்பா. “அவரு வந்தாரு.”

“என்ன சொன்னாரு?” என்று கேட்டாள் அக்கா. அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

அப்பா குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “புக்ல என்ன இருந்துச்சோ, ஞாபகம் இல்லட்டி.”

“சும்மா சொல்லுங்கப்பா.”

“டாக்டரு நாற்காலிய இழுத்துக் கதவுக்கிட்டப் போட்டாரு. போட்டு, உக்காந்தாரு. சொன்னாரு: எல, ரெண்டு நாளு ஒறங்காததப் பெரிய காரியம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதான்லா ஒன் ஆபீசரு, அவன் கோட்டிக்காரன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒறக்கம் வந்தா மனுசன் ஒறங்கணும். படியில யாரு வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன். நான் எங்கயும் போகல்ல, இங்கனதான் இருப்பேன். நீ கண்ண மூடு.”

அத்தை ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்திருந்தாள். பக்கத்து மாடியில் ஊசிகள் உரசும் சத்தம் கேட்டது. அப்பா நிறுத்தவில்லை. டாக்டர் ஊரைப் பற்றிப் பேசினார், ரயில் தாமதமாவதைப் பற்றிப் பேசினார், அரிசி விலையைப் பற்றிக்கூடப் பேசினார். லண்டன் டாக்டர் அவ்வளவு பேசுவாரா என்று அத்தை கேட்கவில்லை. குரல் தணிந்து தணிந்து வந்தது. சால்வைக்குள் அக்காவின் மூச்சு நீளமாகிவிட்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வெயில் சுவர் பக்கம் நகர்ந்தபோது அப்பா எழுந்து கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். அம்மா மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அவளை எழுப்பாமல் வெயிலுக்கு நகர்த்தினார்கள்.

பிறகு அம்மா மெல்ல, “ட்யூஷனுக்கு நேரமாச்சே. ஞாயித்துக்கிழமதான டெஸ்டு வெப்பாரு” என்றாள்.

“போட்டும், விடு” என்றார் அப்பா.

ட்யூஷனைப் பற்றி அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அதற்கு முன்பு யாரும் சொன்னதில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கடலைத் தோலைக் கூட்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் அக்கா அசைந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“மணி என்னப்பா?”

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ட்யூஷன் ஆரம்பித்துப் பாதி நேரம் போயிருந்தது. கடிகாரத்தை ஸ்வெட்டர் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

“இன்னும் ஆகல்லட்டி. நெறய நேரம் கெடக்கு.”

அக்கா அதை நம்பி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.